குழந்தை இறப்பு: ஒரே நாட்டுக்குள் ஊருக்கு ஊர் மாறுவதை எப்படி அளக்கிறார்கள்?

தேசிய குடும்ப நல ஆய்வுக்காக வீடு வீடாகப் போகும் பெண்கள், ஒவ்வொரு தாயிடமும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வருவார்கள். எத்தனை பிள்ளைகள் பெற்றீர்கள்? எத்தனை பேர் உங்களோடு இருக்கிறார்கள்? வெளியூரில் இருக்கிறவர்கள் எத்தனை பேர்? அப்புறம் ஒரு கேள்வி வரும்: "உயிரோடு பிறந்து, பிறகு இறந்துபோன குழந்தை உண்டா?" இல்லை என்று தாய் சொல்லிவிட்டாலும் விட்டுவிடக் கூடாது. "பிறந்ததும் அழுத, அல்லது உயிர் இருந்ததற்கான அறிகுறி தெரிந்த, ஆனால் பிழைக்காத குழந்தை?" என்று இன்னொரு முறை கேட்க வேண்டும். இது வினாத்தாளிலேயே எழுதப்பட்ட விதி.

உத்தரப் பிரதேசத்தில் ஆயிரம் குழந்தைகளில் 60 பேர் ஐந்து வயதைத் தொடுவதற்குள் இறக்கிறார்கள், கேரளத்தில் 5 பேர்தான் என்று நாம் செய்திகளில் படிக்கிறோமே, அந்த எண்கள் இந்தக் கேள்விக்குத் தாய்மார்கள் சொன்ன பதில்களிலிருந்து வருபவை. அதனால் இந்த எண்களைக் கொஞ்சம் மரியாதையோடும், கொஞ்சம் எச்சரிக்கையோடும் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். எப்படிப் படிப்பது என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் சொற்கள். பிறந்து 28 நாட்களுக்குள் நேரும் இறப்பு பச்சிளங்குழந்தை இறப்பு. ஒரு வயது நிறைவதற்குள் என்றால் சிசு இறப்பு. ஐந்து வயது நிறைவதற்குள் நேரும் எல்லா இறப்புகளையும் சேர்த்தால் ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு. மூன்றையுமே உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு எத்தனை என்றுதான் சொல்வார்கள். செய்தித்தாள்கள் இந்த மூன்றையும் போட்டுக் குழப்புவது உண்டு. எந்த வயது வரைக்குமான எண் என்று பார்க்காமல் இரண்டு மாநிலங்களை ஒப்பிடக் கூடாது.

2019-21 ஆய்வின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு விகிதம் 41.9. இந்தச் சராசரியை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய முடியும்? 41.9 என்பது கேரளத்துக்கும் பொருந்தாது, உத்தரப் பிரதேசத்துக்கும் பொருந்தாது. கேரளம் 5.2, தமிழ்நாடு 22.3, பிகார் 56.4, உத்தரப் பிரதேசம் 59.8. நான்கும் ஒரே அரசமைப்புச் சட்டத்தின் கீழ் இருக்கிற மாநிலங்கள். ஒரு குழந்தைக்கு ஐந்தாவது பிறந்த நாள் வருமா என்பதை அது எங்கே பிறந்தது என்பது இந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது. 2030-க்குள் எல்லா நாடுகளும் இந்த விகிதத்தை 25-க்கோ அதற்குக் கீழோ கொண்டுவர வேண்டும் என்பது ஐ.நா. இலக்கு. சராசரி மட்டும் இலக்கைத் தொட்டுவிட்டால் போதும் என்று நினைத்தால், எந்த ஊர்கள் பின்தங்கிவிட்டன என்பது யார் கண்ணிலும் படாமலே போய்விடும்.

சரி, எண்ணுவது எப்படி? எளிய வழி, பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்வது. இந்தியாவில் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பிறப்பும் இறப்பும் பதிவாக வேண்டும். ஆனால் வீட்டிலேயே பிறந்து மூன்றாம் நாள் வீட்டிலேயே இறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழும் இருக்காது, இறப்புச் சான்றிதழும் இருக்காது. பெயர்கூட வைத்திருக்க மாட்டார்கள். சாலையும் மருத்துவமனையும் எட்டாத இடத்தில்தான் குழந்தைகள் அதிகம் இறக்கிறார்கள். பதிவு அலுவலகமும் அங்கேதான் எட்டாது. ஆகவே பதிவேட்டை மட்டும் பார்த்தால் மோசமான மாவட்டம் நல்ல மாவட்டம்போலத் தெரியும். பதிவான இறப்பு குறைவாக இருந்தால் அதற்குக் காரணம் நல்ல மருத்துவமாக இருக்கலாம், எழுதாமல் விட்ட பதிவேடாகவும் இருக்கலாம். எண்ணைப் பார்த்தே எது என்று சொல்லிவிட முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. இறப்பு நடந்த இடத்தில்தான் அதைப் பதிவு செய்கிறார்கள். ஜவ்வாது மலையில் பிறந்த குழந்தையைச் சென்னையில் உள்ள பெரிய மருத்துவமனைக்குத் தூக்கி வந்து, அது அங்கே இறந்தால், இறப்பு சென்னைக் கணக்கில் ஏறும். வசிப்பிடத்தின்படி பிரித்துப் பார்க்காவிட்டால் மலைக்கிராமம் தப்பித்துக்கொள்ளும், நகரம் பழி சுமக்கும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம் இந்தக் கணக்கை இன்னும் புரட்டும்.

பதிவேட்டை முழுதாக நம்ப முடியாததால்தான் இந்தியா 1960-களின் கடைசியிலிருந்து மாதிரிப் பதிவு முறை என்ற ஏற்பாட்டை நடத்திவருகிறது. நாடு முழுக்கச் சுமார் 8,850 கிராம, நகரப் பகுதிகளை மாதிரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சுமார் 80 லட்சம் மக்கள் அந்தப் பகுதிகளில் வசிக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியிலும் உள்ளூர்க்காரர் ஒருவர், பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளரோ ஆசிரியரோ, பிறப்பு இறப்புகளை நடக்க நடக்கக் குறித்துவைப்பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொரு மேற்பார்வையாளர் வந்து, அந்தக் குறிப்பைப் பார்க்காமலே, வீடு வீடாகத் தனியாக விசாரிப்பார். பிறகு இரண்டு பட்டியலையும் ஒப்பிடுவார்கள். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத பெயர்களுக்காகத் திரும்பவும் அந்த வீட்டுக்குப் போய்ச் சரிபார்ப்பார்கள். ஒருவர் விட்டதை மற்றவர் பிடிப்பார் என்ற நம்பிக்கை. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. கடைவைத்தவர்கள் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கணக்கு எழுதச் சொல்வதுபோல.

குடும்ப நல ஆய்வு போகும் வழி வேறு. அது தாய்மார்களின் நினைவிலிருந்து தொடங்குகிறது. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம் அவர்கள் பெற்ற ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் வரிசையாகக் கேட்பார்கள்: ஆணா பெண்ணா, எப்போது பிறந்தது, உயிரோடு இருக்கிறதா, இல்லையென்றால் எத்தனை நாளில், எத்தனை மாதத்தில் இறந்தது. வளரும் நாடுகள் பலவற்றில் இதே அச்சில்தான் ஆய்வு நடக்கிறது. நைஜீரியாவிலும் கேட்பது இதே கேள்விகளைத்தான்.

பதில்கள் வந்துவிட்டன. இறந்த குழந்தைகளின் எண்ணிக்கையைப் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையால் வகுத்துவிட்டால் போதாதா? போதாது. போன வருடம் பிறந்த குழந்தைக்கு இப்போது ஒரு வயது. அது ஐந்து வயது வரை இருக்குமா என்பது இன்னும் நடக்காத கதை. அதையும் பிழைத்த கணக்கில் சேர்த்தால் விகிதம் பொய்யாகக் குறையும். அதனால் ஐந்து ஆண்டுகளைச் சிறு சிறு படிகளாக வெட்டிக்கொள்கிறார்கள். அந்தந்தப் படியில் கால்வைத்த குழந்தைகளில் எத்தனை பேர் அதைக் கடக்கவில்லை என்று தனித்தனியே பார்க்கிறார்கள்.

எளிமையாக மூன்று படி வைத்துக்கொள்வோம். முதல் மாதத்தில் ஆயிரத்துக்கு 25 பேர் இறக்கிறார்கள் என்றால் 975 பேர் மிஞ்சுகிறார்கள். ஒரு மாதம் முதல் ஒரு வயது வரை, மிஞ்சியவர்களில் ஆயிரத்துக்கு 10 பேர் இறந்தால் 965 பேர். ஒன்று முதல் ஐந்து வயது வரை ஆயிரத்துக்கு 7 பேர் இறந்தால் 958-க்குச் சற்று மேல். ஆக, ஆயிரத்தில் ஏறக்குறைய 42 பேர் ஐந்தாம் வயதைப் பார்க்கவில்லை. இந்தியாவின் 2019-21 நிலவரம் கிட்டத்தட்ட இதுதான். உண்மையான கணக்கில் எட்டுப் படிகள் உண்டு, மற்றபடி தர்க்கம் இதேதான். இந்த 42 பேரில் 25 பேர் முதல் மாதத்திலேயே போய்விடுகிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த முறைக்கும் ஓட்டைகள் இருக்கின்றன. "எப்போது இறந்தது?" என்று கேட்டால் "ஒரு வயசுல" என்ற பதில் நிறைய வரும். பதினோராவது மாதத்தில் இறந்த குழந்தையும் பதினான்காவது மாதத்தில் இறந்த குழந்தையும் பன்னிரண்டாவது மாதத்தில் வந்து குவிந்துவிடும். சிசு இறப்பு கொஞ்சம் குறைத்துக் காட்டப்படும். பிறந்து சில நிமிடமே மூச்சுவிட்ட குழந்தையை "செத்தே பிறந்தது" என்று குடும்பம் சொல்லிவிட்டால் அது எந்தக் கணக்கிலும் வராது. இதைவிடக் கனமான விடுபடல் ஒன்று உண்டு. தாயே இறந்துபோயிருந்தால் அவளிடம் யாரும் கேட்க முடியாது. எச்.ஐ.வி. கடுமையாகப் பரவிய தெற்கு, கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் இது பெரிய பிழையானது. தாயும் குழந்தையும் சேர்ந்தே இறந்த வீடுகள் ஆய்விலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போயின. நோய் எங்கே அதிகமோ அங்கே கணக்கு அதிகமாகக் குறைந்தது.

இரண்டு முறைகளும் ஒரே பதிலைத் தருமா? இதைப் பார்க்கத் தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்ளலாம். குடும்ப நல ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு விகிதம் 22.3. மாதிரிப் பதிவு முறையின் 2020 அறிக்கையில் 13. யாரும் பொய் சொல்லவில்லை. முதலாவது, ஆய்வுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளின் நிலவரம். இரண்டாவது, 2020 என்ற ஒரே ஆண்டின் நிலவரம். மாதிரி வேறு, கேட்கும் முறை வேறு. கேரளம் முதலாவதில் 5.2, இரண்டாவதில் 8. உத்தரப் பிரதேசம் 59.8, 43. எனவே ஒரு மாநிலத்துக்கு ஒரு மூலத்திலிருந்தும் இன்னொரு மாநிலத்துக்கு வேறொரு மூலத்திலிருந்தும் எண் எடுத்து ஒப்பிடுவது பெரிய தவறு. அரசியல் விவாதங்களில் இது அடிக்கடி நடக்கிறது.

அடுத்து, "வித்தியாசம்" என்று எதைச் சொல்கிறோம்? கழித்துப் பார்ப்பதா, வகுத்துப் பார்ப்பதா? 1992-93 ஆய்வில் உத்தரப் பிரதேசம் 141.3, கேரளம் 32.0. இடைவெளி 109. வகுத்தால் 4.4 மடங்கு. 2019-21-இல் இடைவெளி 55-ஆகச் சுருங்கியிருக்கிறது. வகுத்தாலோ 11.5 மடங்கு! இடைவெளி பாதியானது என்று ஒருவர் மகிழலாம், ஏற்றத்தாழ்வு இரண்டரை மடங்கு கூடியது என்று இன்னொருவர் கோபப்படலாம். இருவரும் ஒரே நான்கு எண்களைத்தான் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். கீழே இருக்கும் எண் மிகச் சிறியதாகும்போது மடங்குக் கணக்கு தறிகெட்டு ஏறும். மாதிரிப் பதிவு முறையின் 8-ஐயும் 43-ஐயும் எடுத்தால் மடங்கு 5.4-தான். கேரளத்தின் எண் 5-ஆ 8-ஆ என்பது மாதிரியில் இருந்த ஒரு சில குழந்தைகளின் இறப்பைப் பொறுத்த விஷயம். அந்தச் சில குழந்தைகள் நாட்டின் ஏற்றத்தாழ்வையே ஒன்றரை மடங்காக்கிக் காட்டிவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னால் கழித்தலையே எடுப்பேன். இடைவெளி 109-இலிருந்து 55-ஆனது என்பதற்குள் உண்மையாகப் பிழைத்த குழந்தைகள் இருக்கிறார்கள்.

இந்த ஒப்பீட்டில் ஒரு சிறு குறை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். 1992-93-இன் உத்தரப் பிரதேசத்தில் இன்றைய உத்தராகண்டும் அடக்கம். 2000-இல்தான் அது பிரிந்தது. காலப்போக்கை அளக்கும்போது எல்லைகள் மாறினவா என்று பார்க்க வேண்டும். மாநிலங்களைவிட மாவட்டங்கள் இன்னும் அடிக்கடி உடைகின்றன.

மாவட்டம் என்றதும் நினைவுக்கு வருகிறது. மாநில எண் போதாது, என் மாவட்டத்துக்கு எவ்வளவு என்றுதான் ஆட்சியருக்கும் மருத்துவ அதிகாரிக்கும் தெரிய வேண்டும். 2019-21 ஆய்வு 707 மாவட்டங்களில் 6,36,699 வீடுகளுக்குப் போனது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித் தகவல் அறிக்கை வெளியிட்டது. தடுப்பூசி, இரத்தசோகை, கழிப்பறை எல்லாம் அதில் உண்டு. குழந்தை இறப்பு விகிதம் மட்டும் இல்லை. ஏன்?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். வெந்திருக்கிறதா என்று பார்க்க அது சரி. ஆனால் அரிசியில் கல் எவ்வளவு இருக்கிறது என்று அறிய ஒரு மணியைப் பார்த்துப் பயனில்லை, படிக்கணக்கில் கொட்டிப் பார்க்க வேண்டும். இறப்பு, நல்ல வேளையாக, அரிதான நிகழ்வு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாவட்டத்துக்குச் சராசரியாக 900 வீடுகள். ஐந்து ஆண்டுகளில் அந்த வீடுகளில் பிறந்தவர்கள் ஏறக்குறைய 330 குழந்தைகள். உண்மையான விகிதம் 40 என்றால் மாதிரியில் எதிர்பார்க்கும் இறப்புகள் 13. தற்செயலாக எந்த வீடுகள் அகப்பட்டன என்பதைப் பொறுத்து அது 6-ஆகவும் வரலாம், 20-ஆகவும் வரலாம். அதாவது விகிதம் 18 முதல் 61 வரை எங்கே வேண்டுமானாலும் விழும். ஒரே நிலையில் இருக்கும் இரண்டு மாவட்டங்களில் ஒன்று கேரளத்தின் பக்கமும் மற்றது உத்தரப் பிரதேசத்தின் பக்கமும் போய் நிற்கும். இப்படிப்பட்ட எண்ணை அச்சிடாமல் விட்டது சரியான முடிவு.

இதற்கு ஒரு வழி, காலத்தை நீட்டுவது. நைஜீரியாவில் 2018-இல் நடந்த ஆய்வு அதைத்தான் செய்தது. நாட்டுக்கான எண் 132, அது ஐந்து ஆண்டுக் கணக்கு. மாநிலங்களுக்கான எண்களைப் பத்து ஆண்டு இறப்புகளைத் திரட்டிக் கணக்கிட்டார்கள். லாகோஸ் நகரை ஒட்டிய ஓகுன் மாநிலத்தில் 30, வடமேற்கு மூலையில் உள்ள கெப்பியில் 252. கெப்பியில் பிறக்கும் நான்கு குழந்தைகளில் ஒன்று ஐந்து வயதுக்குள் இறக்கிறது! அந்த எண்ணைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போகவில்லை. நீட்டியதற்கான விலையும் உண்டு. பத்து ஆண்டுச் சராசரி என்றால் அது சொல்வது ஏறக்குறைய 2013-இன் நிலவரம். 2016-இல் ஒரு மாநிலம் நல்ல திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தால் 2018-இன் எண்ணில் அதன் பலன் சரியாகத் தெரியாது.

இன்னொரு வழி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதில் எல்லா வீடுகளும் உண்டு, மாதிரி என்ற தொல்லையே இல்லை. ஆனால் ஒவ்வொரு குழந்தையின் கதையையும் கேட்க அங்கே நேரமில்லை. இரண்டே கேள்விகள்: எத்தனை பெற்றீர்கள், எத்தனை உயிரோடு இருக்கிறார்கள். இந்த இரண்டு பதில்களிலிருந்து இறப்பு விகிதத்தை எடுக்கும் உத்தியைத் தந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான மக்கள்தொகை அறிஞர் வில்லியம் பிராஸ். இளம் தாயின் குழந்தைகள் சிறு குழந்தைகளாகத்தான் இருப்பார்கள், மூத்த தாயின் குழந்தைகள் நீண்ட காலம் ஆபத்தைக் கடந்து வந்திருப்பார்கள் என்பதுதான் அதன் அடிப்படை. 20-24 வயதுப் பெண்கள் பெற்றவர்களில் இறந்தவர்களின் பங்கு, இரண்டு வயதுக்குள் இறக்கும் வாய்ப்புக்கு ஏறத்தாழச் சமம். 25-29 என்றால் மூன்று வயதுக்குள், 30-34 என்றால் ஐந்து வயதுக்குள். சிறு திருத்தங்கள் செய்தால் மாவட்ட எண் தயார். 1981 கணக்கெடுப்பிலிருந்து இப்படிக் கிடைத்த மாவட்ட எண்களை வைத்துத்தான் மமதா மூர்த்தி, ஆன்-கேத்ரின் கியோ, ஜான் டிரேஸ் மூவரும் 1995-இல் 296 மாவட்டங்களை ஒப்பிட்டார்கள். பெண்களின் எழுத்தறிவு கூடிய மாவட்டங்களில் குழந்தை இறப்பு குறைவதையும், பெண் குழந்தைகள் கூடுதலாக இறப்பது தணிவதையும் காட்டினார்கள். மாநிலச் சராசரிகளை மட்டும் வைத்து இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருக்க முடியாது. குறை என்னவென்றால், இந்த எண் சில ஆண்டுகளுக்கு முந்தைய நிலையைத்தான் காட்டும், கணக்கெடுப்பும் பத்தாண்டுக்கு ஒருமுறைதான். 2021-இல் நடந்திருக்க வேண்டியது தள்ளிப்போனதும் சேர்ந்துகொண்டது.

மூன்றாவது வழிதான் இப்போது நாம் அதிகம் பார்க்கும் வண்ண வரைபடங்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சுகாதார ஆய்வு நிறுவனம் 2019-இல் 99 நாடுகளுக்கு இப்படி ஒன்றை வெளியிட்டது. ஐந்து கிலோமீட்டர் சதுரம் சதுரமாக இறப்பு விகிதம் போட்டிருந்தார்கள். அந்தச் சதுரங்கள் ஒவ்வொன்றிலும் யாரும் போய் எண்ணவில்லை. ஆய்வு நடந்த இடங்களின் எண்களை வைத்துக்கொண்டு, இடைப்பட்ட இடங்களைக் கணக்கியல் முறையில் நிரப்புகிறார்கள். பக்கத்து ஊர்கள் ஒன்றுபோல இருக்கும் என்ற ஊகம் ஒன்று. தாயின் கல்வி, நகரத்துக்கு உள்ள தூரம், மலேரியா போன்றவை ஒத்த ஊர்களில் இறப்பும் ஒத்திருக்கும் என்ற ஊகம் இன்னொன்று. ஆய்வு நடந்த ஊர்களின் இருப்பிடமும் துல்லியமானது அல்ல. பதில் சொன்னவர்களை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக நகரத்துப் புள்ளிகளை 2 கிலோமீட்டர் வரையும், பெரும்பாலான கிராமத்துப் புள்ளிகளை 5 கிலோமீட்டர் வரையும் வேண்டுமென்றே நகர்த்திவைத்திருக்கிறார்கள்.

இந்த வரைபடங்கள் பயனற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. எங்கே முதலில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவை காட்டும். ஆனால் ஒரு சுழலில் சிக்கிக்கொள்ளக் கூடாது. தாயின் கல்வியை வைத்து இறப்பை ஊகித்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு, "பாருங்கள், கல்வி குறைந்த இடத்தில் இறப்பு அதிகம்" என்று கண்டுபிடித்ததாகச் சொன்னால், உள்ளே போட்டதைத்தான் வெளியே எடுத்திருக்கிறோம். அதேபோல, வசதியான வட்டாரத்தின் நடுவே தனியாக வாடும் ஒரு பழங்குடிக் கிராமத்தை அந்த முறை அக்கம்பக்கத்தோடு சேர்த்து இழைத்து மறைத்துவிடும். அங்கே நேரில் போய்த்தான் எண்ண வேண்டும்.

அப்படி எண்ணிய இடம் ஒன்று மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. மாதிரிப் பதிவு முறையின்படி அந்த மாநிலத்தின் ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு விகிதம் 2020-இல் 18, நாட்டின் நல்ல எண்களில் ஒன்று. அதன் கிழக்கு ஓரத்தில், சத்தீஸ்கரை ஒட்டிய காட்டு மாவட்டம் கட்சிரோலி. அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி 1990-களில் அங்கே 39 கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். கிராமத்துப் பணியாளர்கள் பிறப்பு இறப்புகளை எழுதினார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தனியாக வீட்டுக் கணக்கெடுப்பும் நடத்திச் சரிபார்த்தார்கள். அதே இரட்டைக் கணக்குதான். முதல் மாதத்துக்குள் இறப்பவர்கள் ஆயிரத்துக்கு 62 பேர் என்று தெரியவந்தது. ஐந்து வயது வரைக்குமான எண் இல்லை இது, 28 நாட்களுக்குள் மட்டும். 42 பேரில் 25 பேர் போய்விடுகிறார்கள் என்று முன்னால் பார்த்தோமே, அதே முதல் மாதம். பிறகு கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, பிறந்த குழந்தையை வீட்டிலேயே கவனிக்கவும், குளிரிலிருந்து காக்கவும், கிருமித்தொற்றை அடையாளம் கண்டு மருந்து தரவும் செய்தார்கள். மூன்று ஆண்டுகளில் 62 என்பது 25.5 ஆனது. ஒப்பிடுவதற்காக வைத்திருந்த பக்கத்துக் கிராமங்களில் அது 60-ஐ ஒட்டியே நின்றது.

2011-இலிருந்து இந்திய அரசு பச்சிளங்குழந்தைகளை வீட்டிலேயே கவனிக்கும் முறையை ஆஷா எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் மூலம் நடத்துகிறது. மருத்துவமனையில் பிரசவமாகி வீடு திரும்பிய குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் ஆஷா பணியாளர் வந்து பார்க்க வேண்டும். வீட்டிலேயே பிறந்த குழந்தை என்றால் முதல் நாளும்.